பாலிமர் எப்படிப் படிகமாகிறது, எப்படி உருகுகிறது? பாலிஎத்திலீன் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை வேதியியல் படித்த காலத்தில், ஒரே மூட்டைப் பாலிஎத்திலீன் குருணையிலிருந்து செய்த மூன்று துண்டுகளைக் கொடுத்து உருகுநிலை பார்க்கச் சொன்னார்கள். ஒன்று மெல்லிய ஃபிலிம். ஒன்று அச்சில் வார்த்த பட்டை. மூன்றாவது அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆறிய கட்டி. சூடேற்றும்போது ஒரு துண்டு உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவி 128, 131, 135 டிகிரி என்று மூன்று எண்களைக் காட்டியது. கருவிதான் பழுது என்று நினைத்து இன்டியம் உலோகத்தை வைத்துச் சரிபார்த்தேன். அது 156.6 டிகிரியில் பிசகாமல் உருகியது. வரைபடங்களைப் பார்த்துவிட்டு என் பேராசிரியர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது மூணும் எப்படி ஆறிச்சு, தம்பி?"

பாலிமர் படிகங்களைப் பற்றி அறிய வேண்டியதில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஒரு துண்டு எந்த வெப்பநிலையில் உருகும் என்பதை, அது எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் எடுத்து உறைந்தது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. பனிக்கட்டிக்கு அப்படி இல்லை. இன்டியத்துக்கும் இல்லை. பாலிமரின் நீண்டு வளையும் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு மட்டும் ஏன் இப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். மாணவர்களையும் மோல்டிங் பட்டறையில் வேலை செய்பவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கணக்குகள் கூட்டல், பெருக்கல் அளவில்தான் இருக்கும். ஒரு தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டே வாருங்கள். டிகிரி என்று வருமிடமெல்லாம் செல்சியஸ். கெல்வின் தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: சங்கிலியின் அளவை மனத்தில் வாங்குங்கள்

பாலிஎத்திலீனைப் போல எளிய சங்கிலி வேறில்லை. ஒரு கார்பன், அதில் இரண்டு ஹைட்ரஜன். இதே கண்ணி ஆயிரக்கணக்கில் தொடர்கிறது. 1933-ல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் இருந்த ஐசிஐ ஆய்வகத்தில் கிப்சனும் ஃபாசெட்டும் தற்செயலாகக் கண்டெடுத்த வெள்ளை மெழுகு இது.

மூலக்கூறு எடை 1,00,000 உள்ள ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணியின் எடை 14 என்பதால் 7,140 கண்ணிகள் இருக்கும். நீட்டிப் பிடித்தால் ஒவ்வொரு கண்ணியும் 0.127 நானோமீட்டர் இடம் எடுக்கும். மொத்த நீளம் ஏறக்குறைய 900 நானோமீட்டர். சங்கிலியின் தடிமனோ அரை நானோமீட்டர்தான். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலாக இதைப் பெரிதாக்கினால் நீளம் 1.8 மீட்டர் வரும்.

உருகிய நிலையில் யாரும் அதை நீட்டிப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு பிணைப்பும் நேராகவோ, இடம் திரும்பியோ, வலம் திரும்பியோ நிற்கலாம், மூன்று வாய்ப்புகள். 7,140 பிணைப்புகளும் இப்படித் திரும்பித் திரும்பி, சங்கிலி சுமார் 30 நானோமீட்டர் அகலமுள்ள தளர்ந்த பந்தாகச் சுருண்டுகொள்கிறது. அந்தப் பந்துக்குள் இந்த ஒரு சங்கிலி மட்டும் இருப்பதும் இல்லை. வேறு பல பத்துச் சங்கிலிகள் அதே இடத்தில் பின்னிக் கிடக்கின்றன, ஒரே தட்டில் பிழிந்து விட்ட இடியாப்பம் போல.

படிகத்துக்குள் நிலைமை நேரெதிர். எல்லாப் பிணைப்புகளும் நேர்நிலைக்கு வந்து, சங்கிலி தட்டையான ஸிக்-ஸாக் கோடாக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இணையாக நிற்க வேண்டும். இந்த அமைப்பை 1939-ல் பன் என்பவர் எக்ஸ்-கதிர் கொண்டு தீர்த்தார். அலகுக்கூட்டின் பக்கங்கள் 0.74, 0.49, 0.25 நானோமீட்டர். சிக்கலான இடியாப்பத்திலிருந்து இந்த ஒழுங்குக்கு எப்படி வருவது? மற்ற படிகளெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

படி 2: உருகுநிலையை ஒரு பின்னமாக எழுதிப் பாருங்கள்

படிகமும் உருகுநீர்மமும் சமநிலையில் இருக்கும் வெப்பநிலை ஒரு வகுத்தலின் விடை. மேலே, படிகத்தைக் குலைக்கச் செலவாகும் வெப்பம். கீழே, குலைந்த பிறகு சங்கிலிக்குக் கிடைக்கும் சுதந்திரம், அதாவது என்ட்ரோபி. மாணவர்கள் பெரும்பாலும் மேலே உள்ளதை மட்டும் பார்த்துவிட்டு, "பிணைப்பு வலுவாக இருந்தால் உருகுநிலை உயரும்" என்று எழுதிவிடுகிறார்கள். பாலிஎத்திலீனையும் டெஃப்லானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முழுப் படிகமான பாலிஎத்திலீனை உருக்க கிராமுக்கு 293 ஜூல் வேண்டும். டெஃப்லானுக்குக் கிராமுக்கு 82 ஜூல் போதும். ஆனால் டெஃப்லான் கண்ணியின் எடை 50, பாலிஎத்திலீன் கண்ணியின் எடை 14. பெருக்கினால் இரண்டுக்குமே ஒரு மோல் கண்ணிக்கு 4.1 கிலோஜூல். பின்னத்தின் மேல்பகுதி ஒன்றேதான்! ஆனாலும் பாலிஎத்திலீனின் சமநிலை உருகுநிலை 141.5 டிகிரி (414.6 கெல்வின்), டெஃப்லானுடையது 332 டிகிரி (605 கெல்வின்). வித்தியாசம் முழுக்கக் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் பாலிஎத்திலீன் கண்ணிக்கு உருகும்போது கிடைக்கும் என்ட்ரோபி கெல்வினுக்கு 9.9 ஜூல், டெஃப்லானுக்கு 6.8 ஜூல். டெஃப்லான் சங்கிலி விறைப்பானது. போதாக்குறைக்கு, படிகத்துக்குள் இருக்கும்போதே ஓரளவு புரண்டு அசைந்துகொண்டிருக்கும். உருகினாலும் அதற்குப் புதிதாகக் கிடைக்கும் சுதந்திரம் குறைவு, அதனால் உருகத் தயங்குகிறது. பாலிஎத்திலீனோ விடுதலைக்குக் காத்திருக்கும் சங்கிலி. வளையும் சங்கிலி என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்த வகுத்தலில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

படி 3: கரு விழும்வரை காத்திருங்கள்

141.5 டிகிரியில் பாலிஎத்திலீன் உருகுநீர்மத்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. 135-க்கு இறக்கினாலும் அநேகமாக நடக்காது. வழக்கமான வேகத்தில் குளிரவிட்டால் 115 முதல் 120 டிகிரி அளவில்தான் உறைகிறது. இந்த இடைவெளிக்கு மிகைக்குளிர்வு என்று பெயர்.

காரணம், முதலில் தோன்றும் சின்னஞ்சிறு படிகத்துக்கு (இதுதான் கரு) உள்ளிடத்தைவிட மேற்பரப்பே அதிகம். உள்ளே ஒழுங்கானதில் ஆற்றல் லாபம். மேற்பரப்பு உண்டானதில் நட்டம். ஓர் அளவைத் தாண்டும்வரை நட்டமே மேலோங்கி நிற்பதால் அது மறுபடி கரைந்துபோகிறது. வெப்பநிலை இறங்க இறங்க லாபம் கூடி, தாண்ட வேண்டிய மேடு தாழ்கிறது.

நடைமுறையில் எந்தப் பாலிமரும் தானாகக் கருவாவதில்லை. வினையூக்கி எச்சம், தூசி, நிறமித்துகள் ஏதாவது ஒன்றின் மேல்தான் தொடங்கும். கற்கண்டு செய்பவர்கள் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதே வேலை. பாலிஎத்திலீனை நுண்துளிகளாகச் சிதறடித்து, பெரும்பாலான துளிகளில் எந்தத் துகளும் இல்லாதபடி செய்தால், உருகுநிலைக்கு 50 டிகிரிக்கும் கீழே போன பிறகுதான் அவை உறைகின்றன. பாலிபுரொப்பிலீனில் சோடியம் பென்சோயேட்டோ டால்க்கோ சேர்ப்பது இந்த நூலைக் கட்டுவதற்காகத்தான். அச்சில் சீக்கிரம் உறைந்தால் சைக்கிள் டைம், அதாவது ஒரு பொருளை வார்த்தெடுக்க ஆகும் நேரம், குறையும்.

படி 4: சங்கிலி கொசுவம் வைப்பதைக் கவனியுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1930-களில் நிலவிய படம் இது: ஒரு நீண்ட சங்கிலி பல சிறு படிகங்களின் ஊடாகப் போகிறது, படிகங்களுக்கு இடையே ஒழுங்கற்ற பகுதி. பார்க்க நியாயமாகவே தோன்றியது. ஸ்டார்க்ஸ் என்பவர் 1938-லேயே மெல்லிய பாலிமர் படலங்களைப் பார்த்து, சங்கிலி தன்மேலேயே மடிந்திருக்க வேண்டும் என்று எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை.

1953-ல் ஸீக்லர் ஜெர்மனியின் ம்யூல்ஹைமில் கிளைகளில்லாத நேர்ச்சங்கிலிப் பாலிஎத்திலீனைச் செய்தார். அது கைக்கு வந்த பிறகு, ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வேலை செய்த ஆண்ட்ரூ கெல்லர், அதை ஸைலீன் என்னும் கரைப்பானில் சூடாக, மிக நீர்த்த கரைசலாக்கி மெதுவாகக் குளிரவிட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைர வடிவத் தகடுகள் தெரிந்தன. தடிமன் சுமார் 10 நானோமீட்டர். அதே தகட்டில் எலக்ட்ரான் விளிம்பு விளைவை (டிஃப்ராக்ஷன்) பதிவு செய்தபோது, சங்கிலிகள் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்பது உறுதியானது. ஆண்டு 1957. அதே ஆண்டில் ஃபிஷரும் டில்லும் தனித்தனியே இத்தகைய படிகங்களைக் கண்டார்கள்.

இப்போது படி 1-ல் போட்ட கணக்கை எடுங்கள். சங்கிலி 900 நானோமீட்டர். தகடு 10 நானோமீட்டர். சங்கிலி செங்குத்தாக நிற்கிறது. அப்படியானால் மீதி 890 நானோமீட்டர் எங்கே போயிற்று? ஒரே வழிதான் உண்டு: தகட்டின் மேல்முகத்துக்கு வந்ததும் திரும்பி உள்ளே போக வேண்டும், அடிமுகத்தில் மறுபடி திரும்ப வேண்டும், இப்படித் தொண்ணூறு தடவை. ஐந்தரை மீட்டர்ப் புடவையை ஒரு சாண் அகலத்துக்குக் கொசுவம் வைத்து மடிப்பதைப் போல. இரண்டு எண்களும் ஒரு விளிம்பு விளைவுப் படமும் மட்டும் கொண்டு கெல்லர் இந்த முடிவுக்கு வந்தார். எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஆனால் கரைசலில் தனியாக மடியும் சங்கிலி வேறு. உருகுநீர்மத்தில் பின்னிக் கிடந்து உறையும் சங்கிலி வேறு. பின்னதில், வெளியே வந்த சங்கிலி பக்கத்து இடத்திலேயே திரும்பி நுழைகிறதா, எங்கோ தூரத்தில் போய் நுழைகிறதா என்பது பெரிய சண்டையாயிற்று. தொலைபேசி இணைப்புப் பலகையில் ஒயர்கள் கண்டபடி போவதைப் போலத்தான் நுழைகிறது என்றார் பாலிமர் அறிஞர் ஃப்ளோரி. நியூட்ரான் சிதறல் சோதனைகள் அவர் பக்கம் சாய்ந்தன. உறைந்த பிறகும் சங்கிலிப் பந்தின் மொத்த அகலம் பெரிதாக மாறவில்லை. எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான இடநெருக்கடி வாதம் இருந்தது: தகட்டிலிருந்து வெளிவரும் எல்லாச் சங்கிலிகளும் ஒழுங்கற்ற பகுதிக்குள் போனால் அங்கே அடைக்க இடமே இருக்காது, கணிசமான பங்கு உடனே திரும்பியாக வேண்டும். 1979-ல் கேம்பிரிட்ஜில் நடந்த ஃபாரடே விவாதக் கூட்டத்தில் இரு தரப்பும் நேருக்கு நேர் மோதின. இன்று பெரும்பாலோர் ஏற்பது நடுவழிதான். ஒரு பங்கு பக்கத்திலேயே மடிகிறது. ஒரு பங்கு தளர்ந்த வளையமாகத் தொங்குகிறது. ஒரு சில சங்கிலிகள் அடுத்த தகடுவரை போய் இரண்டையும் கட்டுகின்றன. பிளாஸ்டிக் பக்கெட் கீழே விழுந்தால் நொறுங்காமல் இருப்பதற்கு இந்தக் கட்டுச் சங்கிலிகளே பெரிய காரணம்.

படி 5: தகட்டின் தடிமனைக் கணக்கிடுங்கள்

ஏன் 10 நானோமீட்டர்? ஏன் 900 இல்லை? முழுதாக நீண்ட படிகம்தான் ஆற்றலில் மிகத் தாழ்ந்தது. ஆனால் அதற்கு 7,140 பிணைப்புகளும் ஒரே சமயத்தில் நேராக வேண்டும். உருகுநீர்மத்தில் அது நடக்கிற காரியமா? சீக்கிரம் நடக்கக்கூடியது எதுவோ அதுவே நடக்கிறது: நிலைத்து நிற்கப் போதுமான அளவுக்கு மட்டும் தடிமனான தகடு.

அந்தக் குறைந்தபட்சத் தடிமனைக் கணக்கிடலாம். மடிப்புப் பரப்பின் ஆற்றல் சதுர மீட்டருக்கு 0.09 ஜூல் என்று கொள்ளுங்கள். உருகுவெப்பம் ஒரு கன மீட்டருக்கு 29.3 கோடி ஜூல். பரப்பு ஆற்றலை இரண்டால் பெருக்கி (மேலும் கீழும் இரண்டு முகங்கள்), அதைச் சமநிலை உருகுநிலையான 414.6-ஆல் பெருக்கி, உருகுவெப்பத்தாலும் மிகைக்குளிர்வாலும் வகுக்க வேண்டும்.

110 டிகிரியில் உறைந்தால் மிகைக்குளிர்வு 31.5, விடை 8 நானோமீட்டர். 120-ல் உறைந்தால் 12. 128-ல் உறைந்தால் 19. குளிர்ந்து உறைந்தால் மெல்லிய தகடு, சூட்டிலேயே பொறுமையாக உறைந்தால் தடித்த தகடு.

இதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் கிப்ஸ்–தாம்சன் உறவு. தகட்டின் தடிமன் தெரிந்தால் அது எங்கே உருகும் என்று அது சொல்லும். 10 நானோமீட்டர்த் தகடு 116 டிகிரியில் உருகும். 20 நானோமீட்டர் 129-ல், 30 நானோமீட்டர் 133-ல். முகப்பில் சொன்ன மூன்று துண்டுகளின் புதிர் இங்கே அவிழ்கிறது: ஃபிலிம் சட்டென்று ஆறியது, தகடு மெல்லியது, கட்டி இரவெல்லாம் சூட்டில் கிடந்தது, தகடு தடித்தது.

உறைந்த பிறகும் தகடு சும்மா இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலிஎத்திலீன் படிகத்துக்குள் சங்கிலிகள் நெடுக்காக நழுவக்கூடியவை. கொசுவத்தை இழுத்து அகலமாக்குவது போலத் தகடு காலப்போக்கில் தடிக்கிறது. உறைந்த வெப்பநிலையைவிடச் சில டிகிரி மேலே அது உருகுவதற்கு இதுவே காரணம். மிக அதிக அழுத்தத்தில் உறைய வைத்தால் இந்த நழுவல் எல்லை மீறிப் போகும். 1964-ல் வுண்டர்லிக்கும் அரகாவாவும் சுமார் 5,000 வளிமண்டல அழுத்தத்தில் செய்த பாலிஎத்திலீனில் தகடுகள் மைக்ரோமீட்டர் அளவுக்குத் தடித்தன. 140 டிகிரியை ஒட்டி உருகின. ஆனால் அந்தத் துண்டு கையால் ஒடித்தாலே ஒடியும், ஏனெனில் கட்டுச் சங்கிலிகள் மிச்சமில்லை.

கிளைகள் இருந்தால் இந்தக் கதை வேறு திசையில் போகும். பியூட்டைல் போன்ற கிளை படிகத்துக்குள் நுழைய முடியாது. இரண்டு கிளைகளுக்கு இடையிலுள்ள நேர்த்துண்டு எவ்வளவு நீளமோ, தகடு அதைத் தாண்டித் தடிக்க முடியாது. கிளை மிகுந்த எல்டிபிஇ (தாழ் அடர்த்திப் பாலிஎத்திலீன்) 105 முதல் 115 டிகிரிக்குள் உருகுவதும், நேர்ச்சங்கிலி ஹெச்டிபிஇ (உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன்) 130-ஐத் தாண்டுவதும் இதனால்தான். பால் பாக்கெட் ஃபிலிம் கையில் மென்மையாகக் குழைவதும், அதைத் தாழ்ந்த சூட்டிலேயே ஒட்ட முடிவதும் கிளைகளின் உபயம். பாலிபுரொப்பிலீனில் மெத்தில் குழுக்கள் ஒரே ஒழுங்கில் நின்றால்தான் சங்கிலி திருகுசுருளாகிப் படிகத்தில் அடங்கும். 1954-ல் நாட்டா மிலானில் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தார். ஒழுங்கில்லாத பாலிபுரொப்பிலீன் பிசுபிசுப்பாகவே கிடக்கும், எவ்வளவு குளிரவைத்தாலும் படிகமாகாது.

படி 6: நுண்ணோக்கியில் கோளங்களைப் பாருங்கள்

ஒரு கருவிலிருந்து தகடுகள் எல்லாத் திசையிலும் கிளைத்து வளர்ந்தால் ஸ்ஃபெருலைட் என்னும் கோளம் உருவாகிறது. இதை நீங்களே பார்க்கலாம். கல்லூரி நுண்ணோக்கி ஒன்று, போலராய்டுத் தாள் இரண்டு, சூடான தட்டு ஒன்று போதும். பாலிபுரொப்பிலீன் துணுக்கைக் கண்ணாடி வில்லைகளுக்கு நடுவே வைத்து 200 டிகிரியில் உருக்கி மெல்லியதாக அழுத்துங்கள். பிறகு 130 டிகிரிக்கு மாற்றிச் சில நிமிடம் வையுங்கள். போலராய்டுகளைக் குறுக்காக வைத்துப் பார்த்தால், இருட்டுப் பின்னணியில் வட்டங்கள் முளைத்து வளரும். ஒவ்வொன்றிலும் ஒரு கருப்புச் சிலுவை. வட்டங்கள் முட்டிக்கொள்ளும் இடம் நேர்கோடாகும். தொடர்ந்து பார்த்தால், வளர்ச்சி வேகம் கடைசிவரை மாறாமல் இருப்பதையும் அளந்துவிடலாம். சூடான கண்ணாடி வெடிக்கக்கூடும், கண்ணாடிக்காப்பு அணிந்துகொள்ளுங்கள்.

அதே துணுக்கைப் பனிநீரில் சட்டென்று குளிர்வித்தால் கோளமே கண்ணுக்குத் தெரியாது, படலம் தெளிவாக இருக்கும். நெய் மெதுவாக உறைந்தால் மணல் மணலாகவும், குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வழவழவென்றும் வருகிறதல்லவா? கருக்கள் குறைவாக இருந்தால் பெரிய கோளங்கள், கருக்கள் மிகுந்தால் சிறிய கோளங்கள். பெரிய கோளங்கள் ஒளியைச் சிதறடிக்கும். அவை முட்டும் எல்லைகளில் விரிசலும் எளிதாக ஓடும். தெளிவான பாலிபுரொப்பிலீன் டப்பாக்களில் சார்பிட்டால் வகைச் சேர்பொருள் போடுவது கருக்களைப் பெருக்கிக் கோளங்களைச் சிறிதாக்கத்தான்.

படி 7: வேகத்தின் மேட்டைக் கண்டுபிடியுங்கள்

உருகுநிலைக்கு அருகே கரு விழாததால் உறைவது மெதுவாக நடக்கும். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் சங்கிலிகள் அசையவே முடியாததால் அங்கும் மெதுவாகத்தான் நடக்கும்; கண்ணாடி நிலைக்கு (சங்கிலிகள் ஒழுங்கில்லாமலே விறைத்துப்போகும் வெப்பநிலைக்கு) கீழே முற்றாக நின்றுவிடும். நடுவில் ஒரு மேடு. ஒவ்வொரு பாலிமருக்கும் இந்த மேட்டின் இடமும் உயரமும் வேறு. பட்டறைக்கு மிகவும் உதவுவது இந்த ஒரு வரைபடம்தான்.

பாலிஎத்திலீனின் மேடு மிக உயரம். உருகியதைத் திரவ நைட்ரஜனில் போட்டாலும் படிகமாகிவிடும். பெட் பிளாஸ்டிக்குக்கு மேடு தாழ்வு. கண்ணாடி நிலை 75 டிகிரியை ஒட்டி, உருகுநிலை 250 டிகிரிக்கு மேல், வேகம் உச்சமாவது 170–180 டிகிரியில். தண்ணீர்ப் பாட்டில் செய்பவர்கள் இந்த மேட்டை ஏமாற்றித்தான் பிழைக்கிறார்கள். உருகிய பெட்டைக் குளிர்ந்த அச்சில் செலுத்தி, மேட்டை வேகமாகத் தாண்டி, படிகமே இல்லாத தெளிவான பிரிஃபார்ம் குழாயாக எடுக்கிறார்கள். அச்சு குளிர்வது தாமதித்தால் அடிப்பகுதி பால்போல வெளுத்துவிடும்.

வேகத்தை எண்ணாகச் சொல்ல அவ்ராமி சமன்பாடு பயன்படுகிறது. உறையாமல் மிச்சமிருக்கும் பங்கின் இயல்மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, மறுபடி மடக்கை எடுத்து, நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். கிடைக்கும் கோட்டின் சாய்வு பெரும்பாலும் 2-க்கும் 4-க்கும் நடுவே வரும். சாய்வு 3 வந்தால் கருக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்து கோளமாக வளர்ந்தன என்று பாடநூல் சொல்லும். என் அனுபவத்தில் 2.7 வந்ததற்கும் 3.2 வந்ததற்கும் கதை கட்டுவது வீண். பாதி உறைய எடுத்த நேரம்தான் நம்பத்தக்கது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அச்சில் வார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பாலிஎத்திலீன் படிகத்தின் அடர்த்தி 1.00, ஒழுங்கற்ற பகுதியுடையது 0.85. படிகமாகும் ஒவ்வொரு பங்கும் சுருக்கத்தைக் கூட்டும். பாலிஸ்டைரீன் அரை சதவீதம் சுருங்குமிடத்தில் பாலிஎத்திலீன் 1.5 முதல் 3 சதவீதம்வரை சுருங்கும். அச்சின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால் படிக அளவு வேறுபட்டுப் பொருள் வளைந்துவிடும்.

படி 8: இழுத்துப் பாருங்கள்

இதுவரை சங்கிலி தானாக நேராவதற்குக் காத்திருந்தோம். நாமே இழுத்து நேராக்கினால்? பாதி வேலை முடிந்துவிடும். நேராக்கப்பட்ட சங்கிலிக்கு உருகிய நிலையில் இழப்பதற்குச் சுதந்திரமே குறைவாகத்தான் இருக்கிறது. படி 2-ன் பின்னத்தில் கீழ்ப்பகுதி சிறுத்து, உருகுநிலை மேலேறும்.

ஒரு தடித்த ரப்பர் பேண்டை உதட்டில் ஒட்டிக்கொண்டு சட்டென்று பல மடங்கு இழுங்கள். சூடு தெரியும். சற்று ஆறவிட்டுத் தளர்த்தினால் குளிரும். 1805-ல் பார்வையற்ற அறிஞரான ஜான் கஃப் இதை உதட்டால்தான் கண்டறிந்தார். இந்தச் சூட்டில் ஒரு பங்கு என்ட்ரோபி குறைந்ததால் வருவது. நன்றாக இழுக்கும்போது படிகமாதலின் வெப்பமும் சேர்கிறது. இழுத்த இயற்கை ரப்பரில் படிகப் புள்ளிகள் தெரிவதை 1925-ல் காட்ஸ் எக்ஸ்-கதிரில் காட்டினார். விரிசலின் முனையில்தான் இழுப்பு அதிகம். அங்கே ரப்பர் படிகமாகித் தன்னையே இறுக்கிக்கொள்கிறது. லாரி டயர்களுக்கு இன்றும் இயற்கை ரப்பர் வேண்டியிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பெட் பாட்டிலும் அப்படியே. பிரிஃபார்மை 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, கம்பியால் நீட்டி, காற்றால் ஊதும்போது சுவரில் நுண்படிகங்கள் உருவாகின்றன. அவை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அதனால் பாட்டில் தெளிவாகவே இருக்கிறது. இழுபடாத கழுத்துப் பகுதியில் படிகம் இல்லை. சூடான பானம் நிரப்பும் சில பாட்டில்களில் கழுத்து வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டைத் தாங்குவதற்காக அந்த இடத்தை மட்டும் தனியாகச் சூடாக்கிப் படிகமாக்கியது அது. சாதாரணப் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிக் கோணலாவது, இழுத்து வைத்த சங்கிலிகள் கண்ணாடி நிலையைத் தாண்டியதும் பழைய சுருளுக்குத் திரும்பப் பார்ப்பதால்.

படி 9: உருக்குங்கள், வரைபடத்தைப் படியுங்கள்

டிஎஸ்சி செய்யும்போது 5 முதல் 10 மில்லிகிராம் எடுங்கள். தட்டையாக, அலுமினியக் கிண்ணத்தின் அடியில் ஒட்டி இருக்க வேண்டும். நைட்ரஜன் ஓட்டம், நிமிடத்துக்கு 10 டிகிரி. முதலில் இன்டியம் ஓட்டிக் கருவியைச் சரிபாருங்கள்.

பாலிஎத்திலீன் ஒரே புள்ளியில் உருகாது. மெல்லிய தகடுகள் முன்னதாகவும் தடித்தவை பின்னதாகவும் உருகுவதால், எல்டிபிஇ-யில் 50 டிகிரியை ஒட்டியே சரிவு தொடங்கிவிடும். உச்சியின் வெப்பநிலை பெரும்பான்மைத் தகடுகளுடையது. வால் முடியும் இடம் மிகத் தடித்தவற்றுடையது. உச்சிக்குள் அடங்கும் பரப்பளவை (உருகச் செலவான வெப்பத்தை) எடுக்கும்போது அடிக்கோட்டைச் சரிவின் நடுவில் தொடங்கிவிடாதீர்கள், படிகச் சதவீதம் குறைத்துக் காட்டும். பரப்பளவு கிராமுக்கு 205 ஜூல் என்றால் 293-ஆல் வகுத்து 70 சதவீதப் படிகம். அடர்த்தியிலிருந்தும் சரிபாருங்கள்: 0.96 அடர்த்தியுள்ள ஹெச்டிபிஇ-க்கு 76 சதவீதமும் 0.92 உள்ள எல்டிபிஇ-க்கு 51 சதவீதமும் வரும். இரண்டு முறைகளும் சில சதவீதம் வேறுபடுவது இயல்பு.

இரண்டு உச்சிகள் வந்தால் உடனே இரண்டு வகைப் படிகம் என்று எழுதிவிடாதீர்கள். மெல்லிய தகடு உருகி, உருகிய வெப்பநிலையிலேயே தடித்த தகடாக மறுபடி உறைந்து, அது மேலே போய் இரண்டாவது தடவை உருகியிருக்கலாம். பெட்டிலும் நைலானிலும் இது அடிக்கடி நடக்கும். சோதிக்க வழி எளிது: வேகத்தைக் கூட்டுங்கள். மறுபடி உறைய நேரமில்லாமல் மேல் உச்சி சிறுத்தால் அது கருவியின் சூட்டில் பிறந்த படிகம், உங்கள் துண்டில் இருந்ததல்ல.

சமநிலை உருகுநிலை வேண்டுமென்றால் ஹாஃப்மன்–வீக்ஸ் முறை இருக்கிறது. வெவ்வேறு வெப்பநிலைகளில் உறைய வைத்து, ஒவ்வொன்றின் உருகுநிலையையும் உறைந்த வெப்பநிலைக்கு எதிராக வரைந்து, இரண்டும் சமமாகும் கோட்டைத் தொடும்வரை நீட்ட வேண்டும். எளிமையான முறை, ஆனால் தகடு ஒரே விகிதத்தில் தடிக்கிறது என்ற ஊகத்தில் நிற்கிறது. பாலிபுரொப்பிலீனுக்கு ஆய்வுக் கட்டுரைகளில் 185 முதல் 200-க்கு மேல்வரை வெவ்வேறு மதிப்புகள் கிடப்பது இந்த நீட்டலின் விளைவு.

உருகிய பிறகும் நினைவு மிஞ்சும். உச்சியைச் சற்றே தாண்டிய வெப்பநிலையில் நிறுத்திவிட்டுக் குளிர்வித்தால், கரையாமல் நின்ற துணுக்குகள் கருவாகி, வழக்கத்தைவிட மேலான வெப்பநிலையிலேயே உறைய வைக்கும். 1966-ல் ப்ளண்டெல், கெல்லர், கோவாக்ஸ் மூவரும் இந்தத் தற்கருவாதலைக் கொண்டே ஒரே அளவுப் படிகங்களை வளர்த்தார்கள். பட்டறையில் பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையின் சூடு போதாமல் போனால் இதே நினைவு தொகுதிக்குத் தொகுதி வேறுபாட்டைக் கொண்டுவரும்.

இன்னும் தீராத வழக்கு

தகட்டின் ஓரத்தில் சங்கிலி எப்படி வந்து ஒட்டுகிறது என்பதை 1960-ல் லாரிட்ஸனும் ஹாஃப்மனும் விளக்கினார்கள்: ஒரு நேர்த்துண்டு முதலில் ஒட்டுவது கடினமான படி, அதன்பின் மற்றவை வரிசையாக அடுக்கும். வேக அளவீடுகளுக்கு இது நன்றாகப் பொருந்தியதால் பல்லாண்டு ஆட்சி செய்தது. ஆனால் 1980-களில் உங்கரும் கெல்லரும் நூற்றுக்கணக்கான கார்பன்கள் கொண்ட, எல்லாம் ஒரே நீளமுள்ள அல்கேன்களை (பாலிஎத்திலீனைப் போன்ற, ஆனால் குட்டையான சங்கிலிகளை) குளிர்வித்தபோது விசித்திரம் ஒன்று தெரிந்தது. வெப்பநிலை இறங்க, மடியாமல் நீண்டு நிற்கும் சங்கிலிகளாலான படிகத்தின் வளர்ச்சி வேகம் கூட வேண்டிய இடத்தில் குறைந்து, ஏறக்குறைய நின்று, பிறகு மடிந்த படிகமாக மறுபடி வேகமெடுத்தது. தவறாக மடிந்து ஒட்டிய சங்கிலிகள் சரியானவற்றுக்கு வழி மறித்ததே காரணம். பழைய கோட்பாட்டில் இந்த மறியலுக்கு இடமில்லை. ஓரம் வழவழப்பாக இல்லாமல் கரடாக இருக்கிறது, தவறுகளைக் களைவதில்தான் நேரம் போகிறது என்றார் ஸாட்லர். படிகத்துக்கு முன்பே அரைகுறை ஒழுங்குள்ள படலம் ஒன்று உருவாகிறது என்றார் ஸ்ட்ரோபில். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் முருகப்பன் முத்துக்குமார், வெல்ச் என்பவருடன் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட கணினி உருவகங்களிலிருந்து இன்னொரு கேள்வியைக் கிளப்பினார்: மடிப்பு வளையங்களின் என்ட்ரோபியைச் சேர்த்துக்கொண்டால், மெல்லிய தகடே சமநிலையாகவும் இருக்கலாம் அல்லவா? இக்கட்டுரையில் நான் பயன்படுத்திய "முழுதாக நீண்ட படிகமே தாழ்ந்தது" என்ற அடிப்படையையே அது அசைத்துப் பார்க்கிறது. படிப்பவர்கள் இந்த நான்கையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

அந்த மூன்று துண்டுகளுக்குத் திரும்புகிறேன். பேராசிரியர் சொன்னபடி மூன்றையும் 180 டிகிரிக்கு ஏற்றி ஐந்து நிமிடம் வைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிர்வித்து, மறுபடி அதே வேகத்தில் சூடாக்கினேன். இரண்டாம் சூட்டில் மூன்றும் ஒரே எண்ணைக் காட்டின. அது அந்தக் குருணையின் எண். முதல் சூட்டில் வந்த மூன்று எண்களும் ஃபிலிம், பட்டை, கட்டி ஆகியவற்றின் எண்கள். அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காதவை. அன்றிலிருந்து முதல் சூட்டின் வரைபடத்தைச் சேமித்து, அதன் ஓரத்தில் துண்டு எப்படி ஆறியது என்று எழுதி வைத்த பிறகுதான் இரண்டாம் சூட்டுக்குப் போகிறேன்.